அண்ணனும் 24ஆம் விதியும்

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களின் முன், உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பாரதக் கதையின் ஒரு பகுதியை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாடத்திட்டத்திற் சேர்ந்ததன்று. பரீட்சைக்கு வராத ஒன்றை மாணவர் ஆவலோடு கேட்டிருப்பதைக் காணுகையில் ஆசிரியனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி தனி. துரோணரின் மாணவர்கள் தம் வித்தையை அரங்கேற்றுகின்றனர். அருச்சுனன் அவையோரை வியப்பில் ஆழ்த்துகிறான். அப்பொழுது கன்னன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் செய்தவற்றையெல்லாம் தானுஞ் செய்து காட்டி, அவனைப் பொருதற்கு அழைக்கிறான். வில்லால் விடை வரவேண்டிய அவ்விடத்திலே கிருபாசாரியனிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது: உன் குலம் யாது? உன்னைப் பெற்றவர் யார்?

கன்னன் தலை குனிகிறான். அவன் அருச்சுனனோடு ஒரு வயிற்றிற் பிறந்த மூத்தோன் என்பதை அவ்வரங்கிலே குந்தி ஒருத்தியே அறிவாள். அவளும் வாய் திறக்கவில்லை.

பின்வாங்கிலிருந்து மாணவனொருவன் எழுந்தான். "சேர், இது கதையிலதானே? விளையாட்டில உண்மையா ஆரும் தாய் தேப்பன் ஆரெண்டு கேட்டு மறிச்சிருப்பினமே?"

மணி அடித்துவிட்டது. மறுநாட் பாடவேளையில் அவனுக்கு டிக் டேர்ப்பின் என்னும் குத்துச்சண்டை வீரரின் கதையைச் சொன்னேன். நாற்பது நிமிடம் போதவில்லை. அன்று சொல்லாமல் விட்டவற்றுட் சில மாணவரிடம் சொல்லத்தக்கனவுமல்ல. அவை என்னைப் பற்றியவை. அவற்றையுஞ் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

டிக் டேர்ப்பின் என்ற பெயரைச் சொன்னால் ஆங்கிலேயருட் பெரும்பாலோர்க்கு நினைவு வருபவன், 1739இல் யோர்க் நகரிலே தூக்கிலிடப்பட்ட குதிரைக் கள்வன் ஒருவன். வழிப்பறிக்காரனான அவனைச் சுற்றிக் கதைகளும் பாடல்களும் நாடகங்களும் எழுந்தன. 'இல்லை, நான் கேட்பது குத்துச்சண்டைக்கார டேர்ப்பினை' என்று திருத்தினால், விடயமறிந்த முதியவர் முகம் மலர்ந்து, 'ஓ, றண்டொல்ப்! சுகர் றே றொபின்சனை வென்றவனல்லவா!' என்பார். றண்டொல்ப், டிக்கின் தம்பி. ஆக, ஒரு மனிதர் தம் பெயரை ஒரு கள்வனிடமும், தம் குடும்பப் பெயரைச் சொந்தத் தம்பியிடமும் இழந்து நிற்கிறார். இவ்விரு நிழல்களுக்கும் நடுவே நின்ற அந்த மனிதர் யார்?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வோர்விக் நகருக்கு அண்மையில் லெமிங்டன் என்றோர் ஊர் உண்டு. பணம் படைத்தோர் மருந்துநீர் அருந்தவும் நீராடவும் வந்து தங்கிய ஊர். அங்கே 1920ஆம் ஆண்டு நவம்பரிற் பிறந்தவர் டிக். இட்ட பெயர் லயனல். அது தந்தையின் பெயர். தந்தை பிரித்தானிய கயானாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். 1914ஆம் ஆண்டு மூண்ட போரிலே பிரித்தானியப் படையிற் சேர்ந்து நச்சுவாயுவால் ஊறுபட்டவர். அவர் உள்ளூர் வெள்ளைப் பெண்ணான பியற்றிசை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். கடைக்குட்டி றண்டொல்ப் 1928ஆம் ஆண்டு யூனிற் பிறந்தான்; ஓராண்டு நிறையுமுன் தந்தை இறந்துபோனார். போர்க்களத்து வாயு நுரையீரலிற் செய்த வேலை பதினொரு ஆண்டு கழித்தும் ஓயவில்லை. தாய் பிறர் வீடுகளிலே வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவனுக்கு அப்போது வயது எட்டு.

டிக் 1937இலே, தமது பதினாறாவது வயதில், பணத்திற்காகக் குத்துச்சண்டை மேடை ஏறினார். வறுமை மிக்க வீடுகளிலிருந்தே இத்தொழிலுக்கு ஆட்கள் வந்துள்ளனர் என்பதை உலகெங்குங் காணலாம். அடி வாங்குவதற்குக் கூலி தரும் தொழிலைச் செல்வர் வீட்டுப் பிள்ளை தேடிப் போவதில்லை. பின்னர் நடுவிலான் ஜக்கியும், கடைசியில் றண்டொல்ப்பும் அண்ணன் காட்டிய வழியிலேயே வந்தனர்.

ஆனால் டிக் மேடையேறிய நாளிலேயே அவர் எட்டக்கூடிய உயரம் தீர்மானிக்கப்பட்டிருந்தது. 1929இல் அமைக்கப்பட்ட பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபையின் 24ஆம் விதியின்படி, பிரித்தானியப் பட்டத்திற்குப் போட்டியிடுவோர் பிரித்தானியப் பிரசைகளாயிருந்தாற் போதாது. வெள்ளைப் பெற்றார்க்குப் பிறந்தவராயும் இருத்தல் வேண்டும். தாய் வெள்ளைக்காரி என்பதும், தாம் பிறந்தது இங்கிலாந்திலென்பதும், தந்தை அந்நாட்டுக்காகப் போரிட்டார் என்பதும் டிக்குக்கு உதவவில்லை. தந்தையைப் படைக்கு எடுத்தபோது தடையாகாத நிறம், மகன் பட்டங் கேட்கும்போது தடையாயிற்று.

இவ்விதியின் நுட்பத்தை வாசகர் உன்னிப்பாய் நோக்குதல் வேண்டும். கறுப்பர் சண்டையிடக்கூடாது என்று அது சொல்லவில்லை. அவர்கள் சண்டையிடலாம். வெள்ளையரை எதிர்த்தே சண்டையிடலாம். வெல்லவுஞ் செய்யலாம். நுழைவுச்சீட்டு விற்ற முதலாளியின் பெட்டியும் நிறையலாம். பட்டம் ஒன்றையே கேட்கக்கூடாது. உழைப்பை வாங்கிக்கொண்டு உரிமையை மறுக்கும் இம்முறையை விளங்கிக்கொள்ள இலங்கையர்க்கு நீண்ட விளக்கவுரை தேவையில்லை.

அந்த விதி வானத்திலிருந்து விழுந்ததுமன்று. 1911இலே, அன்றைய உலக சம்பியனும் அமெரிக்கக் கறுப்பினத்தவருமான ஜக் ஜோன்சன், பொம்பாடியர் பில்லி வெல்ஸ் என்ற ஆங்கிலேயரை லண்டனில் எதிர்க்க ஒழுங்காகியிருந்தது. உள்நாட்டு அமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் அது சட்டவிரோதம் எனக் கொண்டார்; போட்டி நடைபெறவில்லை. சாம்ராச்சியத்தின் தலைநகரிலே வெள்ளையர் ஒருவர் கறுப்பரின் காலடியில் வீழ்ந்தார் என்ற செய்தி குடியேற்ற நாடுகளுக்குப் போனால் என்னாகும் என்ற அச்சம் ஆள்வோர் பலரிடம் இருந்தது. ஒரு குத்துக்கே ஆட்டங்காணும் அளவுக்குத்தான் அவர்களின் மேன்மை உறுதியாயிருந்தது போலும்.

டிக்குக்கு முன் இவ்வாயிலில் நின்று தட்டியவர்களுள் மஞ்செஸ்ரர் நகரத்து லென் ஜோன்சனைச் சொல்லாமல் அப்பாற் செல்ல எனக்கு மனமில்லை. தந்தை மேற்காபிரிக்கர், தாய் வெள்ளைக்காரி. 1920களில் மத்திய எடைப் பிரிவிலே, அதாவது 160 இறாத்தலுக்கு மேற்படாத வீரர்களின் பிரிவிலே, அவர் நாட்டின் மிகச்சிறந்தவர்களுள் ஒருவர். பிரித்தானிய சம்பியனாய் விளங்கிய றோலண்ட் டொட் என்பவரையே வென்றவர். ஆனால் அது பட்டம் பணயமாய் வைக்கப்படாத போட்டி. 1926இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று அங்கே சாம்ராச்சியப் பட்டத்தை வென்றார். தாய்நாடு அதை ஏற்கவில்லை. 1933இலே கையுறையைக் கழற்றிவிட்டார். பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து, மஞ்செஸ்ரர் நகரசபைத் தேர்தல்களில் மீண்டும் மீண்டும் நின்று தோற்றார். 1953இலே அந்நகரின் மதுச்சாலையொன்றில், நிறங் காரணமாக அவர்க்குக் குடிவகை கொடுக்க மறுத்தனர். அவர் வீடு திரும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு படுக்கவில்லை. ஊராரைத் திரட்டிக்கொண்டு போய், அக்கடை இறங்கிவரும்வரை போராடினார். 1960களில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் முன் நடந்தவற்றைப் பெரியோர் வாயிலாய்க் கேட்டறிந்த எமக்கு இது அந்நியக் கதையன்று. அங்கே பியர், இங்கே தேநீர். வேறுபாடு அவ்வளவே.

இரண்டாவது உலகப் போரில் டிக்கும் படைச்சேவைக்குச் சென்றார்; சண்டைக்காரனின் வாழ்விலே மிகச்சிறந்த ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. நிறவெறியரான ஹிட்லரை எதிர்த்து வென்றோம் எனப் பெருமை பேசிய நாடு, தன் நாட்டிலேயே பெற்றாரின் நிறங் கேட்கும் விதியொன்றை வைத்திருப்பது வெட்கக்கேடாய்த் தோன்றியிருக்க வேண்டும். 1947இல் அவ்விதி கைவிடப்பட்டது. மறுவருடம் மே மாதம் 18ஆந் திகதி, கொவன்ரி நகரிலே, நியூசிலாந்தைச் சேர்ந்த பொஸ் மேர்பியை முதற் சுற்றிலேயே வீழ்த்தி டிக் சாம்ராச்சியப் பட்டத்தைப் பெற்றார். அடுத்து, 1948 யூன் 28. பேர்மிங்ஹாமிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கு. ஏறத்தாழ 40,000 பார்வையாளர். எதிரே பிரித்தானிய சம்பியன் வின்ஸ் ஹோக்கின்ஸ். பதினைந்து சுற்றுகள் முழுமையாய் நடந்தன. புள்ளிகளால் டிக் வென்றார். பிரித்தானியக் குத்துச்சண்டைப் பட்டமொன்றைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் என்ற இடம் அன்று இரவு அவருடையதாயிற்று.

அதற்கு ஆறே நாட்களின் முன்தான் 'எம்பயர் விண்ட்றஷ்' என்னுங் கப்பலிலிருந்து மேற்கிந்தியர் பலர் தில்பரித் துறையிலே கரையிறங்கியிருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் இச்செய்தியைப் பத்திரிகையிற் பார்த்து, தாம் வந்து சேர்ந்த நாடு தமக்கும் ஓரிடந் தரும் என நம்பியிருப்பர் என நான் சில வேளை நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கள் நாட்டிலோ, அதே 1948இல், தந்தையின் பிறப்பிடத்தைக் கேட்கும் பிரசாவுரிமைச் சட்டமொன்று நிறைவேறி, மலைநாட்டுத் தோட்டங்களிலே உழைத்தவர்களை நாடற்றோராக்கிற்று. பெற்றாரைக் கேட்கும் விதி ஓரிடத்தில் நீங்குகையில் இன்னோரிடத்தில் முளைக்கிறது.

டிக்குக்கு அப்போது வயது இருபத்தேழு. பதினொரு வருடம் தொழிலில் இருந்தாயிற்று. அவரது கைகளிலே பட்டம் வந்து சேர்ந்தபோது கால்கள் களைக்கத் தொடங்கியிருந்தன எனலாம். 1949 செப்டெம்பரில், லண்டன் ஹரிங்கேயில், அவுஸ்திரேலியரான டேவ் சான்ட்ஸ் அவரை முதற் சுற்றிலேயே வீழ்த்திச் சாம்ராச்சியப் பட்டத்தைக் கொண்டுபோனார். சான்ட்ஸ் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர். அவரும் உடன்பிறந்தோருமாக அறுவர் குத்துச்சண்டைக்காரர். சாம்ராச்சியத்தின் பட்டத்திற்காக, அதன் ஒரு மூலையிலே கரும்புத் தோட்டங்களில் உழைத்தோரின் வழித்தோன்றலும், இன்னொரு மூலையிலே நிலம் பறிகொடுத்தோரின் வழித்தோன்றலும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதை எண்ணும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1950 ஏப்ரிலில் அல்பேர்ட் பின்ச் என்பவரிடம் பிரித்தானியப் பட்டமும் போயிற்று. டிக்கின் போட்டி வாழ்வு அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சண்டைகள். பட்டத்தோடு இருந்தது இரண்டு ஆண்டுகளிலுங் குறைவு.

இனித் தம்பியின் கதை. அது பலரும் அறிந்தது. ஆதலின் விரித்துரைக்கப் போவதில்லை. அண்ணனிடம் பிரித்தானியப் பட்டம் இருந்தவரை றண்டொல்ப் அதற்காகப் போட்டியிடவில்லை. அண்ணனிடமிருந்து பின்ச் அதைப் பறித்த ஆறு மாதத்திலே, 1950 ஒக்டோபர் 17இல், ஐந்தாஞ் சுற்றில் பின்ச்சை வீழ்த்தி அதை வீட்டுக்கு மீட்டு வந்தான். அடுத்த பெப்ரவரியில் ஐரோப்பியப் பட்டத்தை ஒரு நிமிடத்திலுங் குறைந்த நேரத்தில் வென்றான். 1951 யூலை 10ஆந் திகதி, லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட்டிலே, நூற்றிருபதுக்கு மேற்பட்ட சண்டைகளில் ஒரேயொரு தோல்வியே கண்டிருந்த சுகர் றே றொபின்சனைப் பதினைந்து சுற்றுப் பொருது புள்ளிகளால் வென்று உலக சம்பியனானான். அன்றிரவு இங்கிலாந்து முழுவதும் அவனுடையதாயிற்று. அறுபத்துநான்கு நாள் கழித்து நியூயோர்க்கில், 61,370 பேர் பார்த்திருக்க, பத்தாஞ் சுற்றில் றொபின்சன் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பின்னர் நடந்தவை துயரமானவை. பணம் வந்தபோது சுற்றி நின்றவர்கள், வருமான வரிக் கடிதங்கள் வந்தபோது இல்லை. 1962இல் வங்குரோத்து. 1966 மே 17இல், முப்பத்தேழு வயதில், தன்னையே சுட்டு மாண்டான். வோர்விக் நகரின் சந்தைச் சதுக்கத்தில் 2001ஆம் ஆண்டு அவனுக்குச் சிலை நாட்டினர். டிக் 1990இல் அமைதியாய்க் காலமானார்.

தம்பியின் ஆற்றல் பெரிது. அண்ணனைவிட அவன் பெரிய வீரன் என்பதை மறுப்பது மூடத்தனம். டிக் றொபின்சனை வென்றிருக்க மாட்டார். ஆகவே, 'தம்பியின் புகழ் அண்ணனை மறைத்தது அநியாயம்' என்று ஒப்பாரி வைக்க நான் இதை எழுதவில்லை. உடன்பிறந்தாருள் ஒருவர் ஒளிர, மற்றவர் மங்குவது வீடுதோறும் நிகழ்வது. எனக்கு உறுத்துவது வேறொன்று. தம்பியின் கதையை மட்டுஞ் சொல்லும்போது 24ஆம் விதி காணாமற் போய்விடுகிறது. 1950இல் பட்டத்திற்காக மேடையேறிய றண்டொல்ப்பை எவரும் 'உன் தந்தை யார்?' என்று கேட்கவில்லை. ஆகவே, ஏழை வீட்டுக் கறுப்புப் பையன் ஒருவன், ஆற்றலொன்றையே துணையாகக் கொண்டு உயர்ந்தான்; நியாயமான நாடு அவனைத் தோளில் தூக்கிற்று என்று அக்கதையைச் சொல்லிவிடலாம். கேட்க இனிமையான கதை. அதிலே லென் ஜோன்சன் இல்லை. டிக் காத்திருந்த பத்து ஆண்டுகள் இல்லை. விதியை எழுதிய கை இல்லை. டிக்கின் கதையை எடுத்தாலோ விதியைச் சொல்லாமல் முதல் வரியைக்கூட எழுத முடியாது. அண்ணனை மறப்பதில் ஆதாயம் அடைபவன் தம்பியல்லன்; கதவைப் பூட்டி வைத்திருந்தவனே.

இதை நூல்களிலிருந்து மட்டும் நான் அறிந்துகொண்டேன் என்றால் அது பொய்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணம் பெயர்ந்த இரவிலே எனக்கு வயது ஏழு, அண்ணனுக்குப் பதின்மூன்று. ஐயா அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அம்மா ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அக்காவுமாக நடந்தார். அண்ணன் ஐயாவின் சைக்கிளிலே என்னை இருத்தி, சனத்தோடு சனமாக உருட்டிக்கொண்டு வந்தார். மழை. எங்கள் பாடசாலைப் பத்திரங்களெல்லாம் அந்த வழியிலோ, தங்கியிருந்த கொட்டிலிலோ அழிந்துபோயின. அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது, நாங்கள் படித்த சிறிய பாடசாலை இயங்கவில்லை. பக்கத்திலிருந்த பெரிய பாடசாலைக்கு அண்ணன் தானே எங்கள் இருவருக்கும் இடங் கேட்கப் போனார். பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அன்று அவ்வாறு நடந்த பாடசாலை அது ஒன்றுதானா?

விடுகைப் பத்திரம் எங்கே என்றனர். இல்லை என்றதற்கு, எந்தப் பகுதி, ஐயா என்ன தொழில் செய்தவர் என்று அடுத்த கேள்வி வந்தது. இடம்பெயர்ந்து வந்த எல்லாப் பிள்ளைகளிடமுமே பத்திரமில்லை. எனினும் சிலருக்கு முதற் கேள்வியோடு கதவு திறந்தது. சிலருக்கு இரண்டாவது கேள்வியோடு சாத்திற்று. அண்ணன் கிராம சேவையாளரிடங் கடிதம் வாங்கிக்கொண்டு போனார்; போதாதென்றனர். பிறப்புப் பதிவின் பிரதிக்காகக் கச்சேரிக்கு அலைந்தார். கல்விக் கந்தோரின் வாசலிலே இரண்டு நாள் நின்றார். ஐந்தாந் தடவை கந்தோர்க் கடிதத்தோடு போனபோது வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டனர். ஆனால் அதற்குள் அந்த வருடம் முடிந்துவிட்டது. அண்ணன் கொடிகாமத்துச் சைக்கிள் கடையொன்றில் நாட்கூலிக்கு நின்று பழகிவிட்டார். அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. இருவருக்காக வாங்கிய கடிதத்தில் என் பெயரை மட்டும் பதிந்தனர். அடுத்த தவணையிலே அண்ணனின் கடிதத்தைக் காட்டியே எங்கள் ஒழுங்கையிலிருந்து வேறு நான்கு பிள்ளைகளும் அங்கே சேர்ந்தனர். அதன்பின் எவரையும் எதுவுங் கேட்டதாய் நான் அறியேன்.

நான் அங்கே படித்தேன், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானேன், தமிழிற் சிறப்புப் பட்டம் பெற்றேன். பட்டம் பெற்ற ஆண்டின் பரிசளிப்பு விழாவுக்குப் பழைய மாணவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தனர். வேட்டியும் சால்வையுமாய்ப் போனேன். என்ன பேசினேன் என்பது நன்றாய் நினைவிருக்கிறது. வீட்டிலே கண்ணாடியின் முன் பாடமாக்கிய பேச்சது. 'அகதியாய் வந்த இச்சிறுவனை இக்கலைக்கோயில் இரு கரம் நீட்டி வரவேற்றது' என்றேன். மண்டபம் கைதட்டிற்று. அதிபரின் கண்கள் கலங்கின. கற்பித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். ஒருவரையும் விடவில்லை என்பதிலே பெருமையும் பட்டேன். என்னைச் சைக்கிளில் ஏற்றிவந்த அண்ணன், வேலை உடுப்போடு உள்ளே வரக் கூச்சப்பட்டு, படலையடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனின் பெயரைச் சொல்லாமல் விட்டது ஒரு பிழை. ஆனால் அதனிலும் பெரிய பிழை அந்த 'இரு கரம்' என்ற இரண்டு சொற்களிலே இருந்தது என்பதை டிக் டேர்ப்பினைப் பற்றிப் படித்தபோதே உணர்ந்தேன். நான்கு தடவை சாத்திய கதவை, ஒரு வசனத்தால் என்றைக்குமே திறந்திருந்த கதவாக்கிவிட்டேன். என்னை எவரும் அவ்வாறு பேசும்படி கட்டாயப்படுத்தவில்லை. மேடை கிடைத்தவன் மேடைக்கு உவந்ததைப் பேசினான், அவ்வளவுதான். இந்நாட்களில் ஊரிலே அண்ணனை 'மாஸ்டரின்ர தமையன்' என்கின்றனர். நான் பிறக்குமுன்னரே அவருக்கொரு பெயர் இருந்தது.

வகுப்பிலே கதையைச் சொன்ன அன்று மாலை அண்ணனின் கடைக்குப் போனேன். இப்போது அது அவருடைய சொந்தக் கடை. சுவரில் முகம்மது அலியின் பழைய படமொன்று, கிறீஸ் கைகள் பட்டுக் கறுத்துப்போய், இன்றுந் தொங்குகிறது. குத்துச்சண்டையில் எனக்கு நாட்டம் பிறந்ததே அந்தப் படத்தினால்தான். அவர் ஒரு சில்லைக் கவட்டில் மாட்டிக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார். கதையை முதலிலிருந்து சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டார். லென் ஜோன்சன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மதுச்சாலைக்குப் போன இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அது ஆள்" என்றார். தம்பி றொபின்சனை வென்றதைச் சொன்னபோது, "அதுக்கு முதல், அண்ணனிட்டைப் பறிச்சவனிட்டைத் திருப்பி எடுத்தவன் எண்டாயெல்லே, அதைச் சொல்லு" என்று கேட்டு, அந்தப் பின்ச் விழுந்த ஐந்தாஞ் சுற்றை இரண்டாந் தரமும் என் வாயாற் கேட்டார்.

பிறகு, தயங்கித் தயங்கி, பரிசளிப்பு விழாப் பேச்சைப் பற்றிச் சொன்னேன். பதினைந்து ஆண்டு கழித்து மன்னிப்புக் கேட்பது எவ்வாறு என்று எந்த இலக்கணமும் எனக்குக் கற்பிக்கவில்லை. அண்ணன் சிறிது நேரம் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் சிரித்தார்.

"எனக்கும் கேட்டதடா, படலையடியில நிண்டனான். இரண்டு கையையும் நீட்டினவையே? ஒரு கையால கேற்றையெல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டவை!"

நானுஞ் சிரித்தேன், எனக்குக் கண் கரித்தது.

"சரி, சரி, இந்தச் சில்லை ஒருக்காப் பிடி" என்றார். "அந்தப் பெடியன் ரியூசனுக்குப் போக வேணும், வந்திடுவான்."